ஜெபசிங் தட்டிய வரியும் சசிதரன் அழுத்திய பொத்தானும்

சசிதரன் பொய் சொல்கிறார்.

வயதாகி மறந்துபோய்ச் சொல்கிறார் என்று யாரும் அவருக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். தெரிந்தே சொல்கிறார். மைக் பிடித்துச் சொல்கிறார். கேட்பவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்கிறார்.

திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டத்தில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் கடைசி ஒன்பது வருடம் அவர்தான் என் மேலதிகாரி. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அவர் இப்போது துணைத் தலைவர். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது அவருடைய புதுப் பொழுதுபோக்கு. அப்படி ஒரு கல்லூரியில் அவர் பேசிய வீடியோவை என்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள் எனக்கு அனுப்பி, இது உண்மையா சேச்சி என்று கேட்டிருந்தார்கள்.

அதில் அவர் சொன்ன கதை இது. கம்பெனியில் காண்ட்ராக்டில் ஒரு பையன் இருந்தானாம். பார்டர் பக்கத்துத் தமிழனாம். சாயங்காலப் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில், மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்று தோற்றுக்கொண்டிருக்க, அதில் இரண்டு சொல்லைச் சேர்த்து, தேறியதாகப் பச்சை காட்ட வைத்துவிட்டுப் போனானாம். அதனால் ஒரு வாடிக்கையாளரின் மூன்று வார உழைப்பு அழிந்ததாம். "ட்ரெயின் கிட்டி. ஜோலி போயி," என்று முடித்தார். ரயில் கிடைத்தது, வேலை போனது என்கிறார். அரங்கமே சிரித்தது.

அந்தப் பையனுக்கு அன்று நாற்பத்தொரு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பெயர் ஜெபசிங். ஊர் கேரள எல்லையில் இருக்கும் பாறசாலை. அந்த வரியைத் தட்டியது அவர் கை என்பது உண்மை. உழைப்பு அழிந்ததும் வேலை போனதும் உண்மை. மற்றதெல்லாம் புளுகு.

இதை முதலில் மலையாளத்தில் எழுதி, ஐ.டி. ஆட்கள் நடத்தும் ஒரு செய்தி மடலுக்கு அனுப்பினேன். கொஞ்சம் பர்சனலாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். சசிதரனுக்குத் தமிழ் வாசிக்க வராது. வாசித்துக் காட்ட அவருக்கு ஆள் கிடைக்கும்.

என்னைப் பற்றி நாலு வரி. பிறந்தது போனக்காடு தேயிலை எஸ்டேட் லயத்தில். அம்மா கொழுந்து கிள்ளினாள், அப்பா ஃபாக்டரியில் இருந்தார். விதுரையில் பள்ளிக்கூடம், பிறகு பாலிடெக்னிக், ஓர் அச்சகத்தில் டைப்பிங், ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனி, அதன் பிறகு இந்த வேலை. மலையிலிருந்து இறங்கிய தமிழ்ப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள் என்று கண் கலங்கும் கட்டுரை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி செய்தது ஒரு வெர்ஷன் கன்ட்ரோல் கருவி. மென்பொருள் எழுதுகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது பத்திரப்படுத்தும். எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று கேட்டால் சொல்லும். போன மாதம் இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் திருப்பித் தரும். பாதி முடிந்த வேலையை ஓரமாக ஒதுக்கி வைக்கவும் அதில் ஒரு இடம் உண்டு, வீட்டில் பரண் இருப்பதுபோல. இங்கே அதைப் பரண் என்றே சொல்கிறேன்.

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆயிரக்கணக்கில் டெஸ்டுகள் இருந்தன. எல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை உண்டாக்கு, கருவியில் போடு, மாற்று, பழையதைத் திரும்ப எடு, எடுத்தது சரியா என்று பார். பத்துப் பதினைந்து வரி. சரியாக முடிந்தால் பச்சை, தோற்றால் சிவப்பு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நடுவில் ஒரு வரி தோற்றாலும், கட்டளைகளை ஓட்டும் ஷெல் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசி வரி தேறிவிட்டால் மொத்தமும் தேறியது என்று சொல்லிவிடும். அதனால் ஒவ்வொரு வரியையும் அடுத்த வரியோடு ஒரு குறி போட்டுக் கட்ட வேண்டும். இது தேறினால் மட்டும் அடுத்ததற்குப் போ என்று அந்தக் குறிக்குப் பொருள். சங்கிலி என்போம். சங்கிலி அறுந்த டெஸ்ட் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். அதை எழுதியவனுக்கு அது தெரியாது. அவன் பச்சையைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

மற்றவர்கள் எழுதும் டெஸ்டுகளை வாசித்து ஒப்புதல் கொடுப்பது, அல்லது திருப்பி அனுப்புவது. இதுதான் என் வேலை. ரிவ்யூ.

என் முறை எளிது. முதலில் டெஸ்டின் தலைப்பை வாசிப்பேன். எதை நிரூபிக்கப் போவதாக அது சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். பிறகு ஒவ்வொரு வரியிலும் நிற்பேன். இந்த வரி தோற்றால் யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது என்றால் அங்கேயே திருப்பி அனுப்புவேன். அதையும் தாண்டினால் கடைசிப் படி. கருவியின் நிரலில், அந்த டெஸ்ட் காவல் காப்பதாகச் சொல்லும் இடத்தில், நானே ஒரு வரியை அழிப்பேன். கருவியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டுவேன். சிவப்பாக வேண்டும். ஆகவில்லையென்றால் அது டெஸ்டே இல்லை. அப்போது நான் எழுதும் குறிப்பு எல்லாருக்கும் ஒன்றுதான்: கெடுத்துப் பார்த்தேன், பச்சையாகவே இருக்கிறது, திரும்ப எழுதவும்.

இதற்காக எனக்குச் சுவப்புச் சேச்சி என்று பெயர் வைத்தார்கள். சிவப்பை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். எந்தப் பார்ட்டி சேச்சி என்று கேன்டீனில் கேட்டுச் சிரிப்பார்கள். கேரளத்தில் அந்த நிறத்தோடு யாரும் சும்மா இருக்க முடியாது.

யுனிவர்சிட்டியில் ரேங்க் வாங்கிய ஒரு ரேங்க்காரன் வேலைக்கு வந்தான். ஒரே வாரத்தில் நூறு டெஸ்ட் எழுதி மீட்டிங்கில் கைதட்டல் வாங்கினான். நான் கருவியின் ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை. கருவியையே தூக்கி வேறு ஃபோல்டரில் வைத்துவிட்டு அவனுடைய நூறையும் ஓட்டினேன். முப்பத்தெட்டு பச்சை. கருவி அந்த இடத்திலேயே இல்லை, அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று முப்பத்தெட்டு டெஸ்ட் சாட்சி சொல்கிறது. எப்படியென்றால், வெளியீட்டில் இன்ன சொல் வரக்கூடாது என்று பார்க்கும் டெஸ்டுகள் அவை. கருவி ஓடவே இல்லையென்றால் வெளியீடும் இல்லை, அந்தச் சொல்லும் இல்லை. செத்துக் கிடக்கிறவன் இன்று திருடவில்லை என்று நற்சான்றிதழ் கொடுப்பதுபோல.

"சேச்சி, டூல் இல்லாதே யாரு டெஸ்ட் ஓட்டும்?" என்று என் மேஜைக்கு வந்து கேட்டான்.

"நான் ஓட்டும்," என்றேன்.

இன்னொருவர் கதை இதைவிட அசிங்கம். எங்கள் டெஸ்டுகள் ஓடும் ஃபோல்டரின் பெயரில் வேண்டுமென்றே ஒரு இடைவெளி விட்டிருந்தோம். கோப்புப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் இடைவெளியில் பெயர் இரண்டாக வெட்டுப்படும்; அப்படி எழுதும் சோம்பேறிகளின் டெஸ்ட் அங்கே உடைய வேண்டும் என்பதற்காக. இவருடையது பன்னிரண்டு உடைந்தது. மனிதர் டெஸ்டைத் திருத்தவில்லை. ஃபோல்டரின் பெயரிலிருந்து இடைவெளியை எடுத்துவிட்டார். பன்னிரண்டும் பச்சை. அன்று மாலை அவரைப் பாராட்டி எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் சசிதரன்.

இப்போது எந்திரமே டெஸ்ட் எழுதுகிறது, நிமிடத்துக்கு இருபது எழுதுகிறது, ரிவ்யூவே தேவையில்லை என்று அந்த வீடியோவில் சசிதரன் சொல்கிறார். எந்திரம் எழுதியதை அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி எனக்கு அனுப்பியிருந்தாள். வாசித்தேன். ரேங்க்காரன் எழுதியதுபோலவே இருந்தது, இன்னும் வேகமாக.

சசிதரனின் வேலைமுறையையும் சொல்ல வேண்டும். என் ஒன்பது வருடத்தில் அவர் ஒரு டெஸ்டைத் திறந்து வாசித்து நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்தது காரிடாரில் மாட்டியிருந்த டிவி. ஒவ்வொரு டெஸ்ட் தொகுதிக்கும் அதில் ஒரு சதுரம் உண்டு. காலையில் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே அதன் முன்னால் நின்று சதுரங்களைப் பார்ப்பார். எல்லாம் பச்சையென்றால் கேன்டீனுக்குப் போவார். ஒன்று சிவப்பென்றால் அதை எழுதியவரின் மேஜைக்கு வருவார். வெளியூரிலிருந்து வாடிக்கையாளர் யாராவது வந்தால் முதலில் அந்த டிவி முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார். அவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

கத்த மாட்டார், திட்ட மாட்டார். மேஜைக்கு வந்து மானிட்டரின் மேல் விளிம்பில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பார். அதன் பிறகு, பச்சையாக்கித் தா, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்பார். முக்கியமான எதையும் அவர் எழுதியதே இல்லை. லீவு கொடுத்தால் மெயில் வரும், பிறந்தநாள் என்றால் மெயில் வரும். ஒரு டெஸ்டை என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் வாயால்தான் வரும். இதை நான் புரிந்துகொள்ள ஆறு வருடம் ஆனது. ஜெபசிங்குக்குப் புரிய வேலை போக வேண்டியிருந்தது.

ஜெபசிங் ஒரு ஏஜென்சி மூலம் வந்தவர். எனக்குப் பக்கத்து மேஜை. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவருக்கு வெட்கம் கிடையாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். அந்தக் கட்டடத்தில் அது அபூர்வம். என்னிடமிருந்து ஒரு டெஸ்ட் திரும்பினால், "எங்க அறுந்துதுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருத்துவார். எப்போதும் நாங்கள் தமிழில்தான் பேசிக்கொள்வோம். அது சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை, அவர்கள் பேசியது எங்களுக்குப் பிடித்திருந்ததா என்ன?

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

டெஸ்ட் ஓட்டும் பழைய மெஷின்களை எடுத்துவிட்டுச் சின்னதாக, சிக்கனமாகப் புதியவற்றை வைத்தார்கள். மறுநாள் டிவியில் நாற்பது டெஸ்ட் சிவப்பு. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் போதுமாக இருந்தது. அந்த நாற்பதிலும் ஒரே மாதிரி ஒரு வரி உண்டு. ஒரு கோப்பின் தேதியைத் தொண்ணூறு நாள் பின்னால் தள்ளி, அதைப் பழையதாகக் காட்டும் வரி. புது மெஷினில் இருந்த மலிவான சின்ன மென்பொருள் சாமான்களுக்கு அந்தத் தேதிக் கட்டளை புரியவில்லை. வரி தோற்றது, சங்கிலி பிடித்தது, டெஸ்ட் சிவப்பானது. அதாவது எல்லாம் முறைப்படி நடந்தது. மெஷினில் ஒழுங்கான சாமானை வைத்தால் தீர்ந்தது. ஒரு நாள் வேலை.

அந்த ஒரு நாள்தான் சசிதரனிடம் இல்லை. மறுநாள் காலையில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் ஆட்கள் வருகிறார்கள். டிவி பச்சையாக இருக்க வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஜெபசிங்கின் மேஜைக்கு வந்தார். மானிட்டரில் இரண்டு விரல். எனக்கும் அவருக்கும் நடுவில் மூன்று அடி. தோற்றாலும் பரவாயில்லை, தேறியதாக வைத்துக்கொள் என்று பொருள் வரும் ஒரு குறியும் ஒரு சொல்லும் ஷெல்லில் உண்டு. எந்த வரியின் பின்னால் போட்டாலும் அந்த வரிக்குத் தோல்வியே கிடையாது. அதை நாற்பது டெஸ்டிலும் தேதி வரியின் பின்னால் போடச் சொன்னார்.

"ஜெபசிங்கே, நாற்பதிலும் சேர்க்கு. நாள கழிஞ்ஞு மாற்றாம்," என்றார். நாளை கழித்து மாற்றிக்கொள்ளலாமாம். என் இரண்டு காதாலும் கேட்டேன். வீடியோவில் அவர் அதை இரண்டு சொல் என்கிறார். ஒரு குறி, ஒரு சொல். இன்றைக்குவரை அதையும் அவர் வாசித்துப் பார்க்கவில்லை.

ஜெபசிங் என்னைப் பார்த்தார். ரிவ்யூவுக்கு என்னிடம்தானே வரும், வரட்டும் என்றேன். அவர் நாற்பது கோப்பையும் திறந்து, சேர்த்து, அனுப்பி முடிக்கும்போது பாசஞ்சர் போயிருந்தது. பஸ்ஸில்தான் போனார். ரயிலைப் பிடிக்க அவசரமாக ஓடினாராம்.

மாற்றம் எனக்கு வந்தது. ரிவ்யூ பக்கத்தில் நான் எழுதியது எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது: "இந்த வரி தோற்றால் டெஸ்ட் நடக்கவே இல்லை என்று பொருள். மெஷினைத் திருத்தவும். ஒப்புதல் இல்லை." சிவப்புக் குறி போட்டுவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் காலையில் டிவியில் நாற்பதும் பச்சை. ரிவ்யூ பக்கத்தைத் திறந்தேன். என் குறிப்பின் மேல் 'தீர்ந்தது' என்று முத்திரை விழுந்திருந்தது. மாற்றத்தை ஏற்று மெயின் நிரலோடு சேர்க்கும் பொத்தானுக்கு மெர்ஜ் என்று பெயர். அதை அழுத்தியவர் பெயர் அந்தப் பக்கத்தின் கீழே தானாக வரும். வந்திருந்தது. சசிதரன்.

நாளை கழித்து மாற்றுவதாகச் சொன்னது மாறவில்லை. நானும் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதில் என் பங்கு இருக்கிறது. எங்கள் கருவியில் பழைய குப்பையைப் பெருக்கித் தள்ளும் கட்டளை ஒன்று உண்டு. எவ்வளவு பழையதானாலும் பரணில் ஒதுக்கி வைத்ததை அது தொடக்கூடாது. இதற்குக் காவலாக ஒரு டெஸ்ட் இருந்தது. பரணில் ஒன்றை வை, அதன் தேதியைத் தொண்ணூறு நாள் பின்னால் தள்ளு, பெருக்கு, பரணில் இருக்கிறதா என்று பார். அந்த நாற்பதில் இது ஒன்று. தேதி வரி தோற்றும் தேறியதாகக் கணக்காகிவிட்டதால், பரணில் இருந்தது பழையதாகவே ஆகவில்லை. அன்று வைத்த புதுச் சாமானைத் துடைப்பம் எப்படியும் தொடாது. டெஸ்ட் பச்சை.

இரண்டு மாதம் கழித்துப் பெருக்கும் கட்டளையை வேகமாக்குகிறோம் என்று இன்னொரு குழு அதைத் திருத்தி எழுதியது. எழுதும்போது பரணைத் தொடாதே என்ற நிபந்தனையை விட்டுவிட்டார்கள். கூடவே இரண்டு புது டெஸ்ட் எழுதியிருந்தார்கள். அது என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது. புது டெஸ்ட் இரண்டையும் கெடுத்துப் பார்த்தேன். சிவப்பானது. நல்லது. பழைய பரண் டெஸ்டைப் பார்த்தேன். பச்சை. அதைக் கெடுத்துப் பார்க்கவில்லை. அது ஐந்து வருடம் முன்பு நானே கெடுத்துப் பார்த்துத் தேற்றிய டெஸ்ட். ஒருமுறை சிவப்பாகக் கண்ணால் கண்ட டெஸ்டை நம்பலாம் என்பது என் கொழுப்பு. நாற்பதில் இதுவும் ஒன்று என்பது எனக்கு அந்த நிமிடம் ஞாபகத்தில் இல்லை. ஒப்புதல் கொடுத்தேன்.

அது வெளியே போனது. ஒரு சின்னக் கம்பெனியில் ஒரு பெண் மூன்று வாரம் எழுதிய நிரலைப் பரணில் வைத்துவிட்டுப் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். நான்கு மாதம் கழித்து வந்து பார்த்தால் பரண் காலி. துடைப்பம் பெருக்கிவிட்டது. வேறு எங்கும் பிரதி இல்லை. எங்களை நம்பித்தானே வைத்தாள், பிரதி எதற்கு?

விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் சசிதரன் என் மேஜைக்கு வந்தார். இரண்டு விரல். அம்மாவின் முட்டுவலி எப்படி என்று கேட்டார். பிறகு, "சேச்சிக்கு ஒரு கொல்லம் கூடியல்லே உள்ளூ. வெறுதே என்தினா?" என்றார். ஒரு வருடம்தானே பாக்கி, வீணாக எதற்கு என்று பொருள். நான் அடுத்த டெஸ்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தேன். அதுவே பதில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அறையில் ஐந்து பேர். சசிதரன், மனிதவளத்துறை அம்மாள், ஏஜென்சிக்காரர், ஜெபசிங், நான். சசிதரன் எங்கள் கருவியைக்கொண்டே எங்களுக்குப் படம் காட்டினார். பரண் டெஸ்டைத் திரையில் போட்டு, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கட்டளையை ஓட்டினார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு பெயர் வந்தது. தேதி வரிக்கு முன்னால் ஜெபசிங். கருவி பொய் சொல்லவில்லை. தட்டியது யார் என்று கேட்டார், சொன்னது. தட்டச் சொன்னது யார் என்று கேட்கும் கட்டளை அதில் கிடையாது. மெர்ஜ் செய்தது யார் என்பது ரிவ்யூ பக்கத்தில் இருந்தது. அதை அவர் திறக்கவில்லை.

"சார் சொல்லித்தான் செய்தேன்," என்றார் ஜெபசிங்.

ஏதாவது எழுத்தில் உண்டா என்று ஏஜென்சிக்காரர் கேட்டார். தன்னுடைய ஆளையே கேட்டார். ஜெபசிங் இல்லை என்றார். மனிதவளத்துறை அம்மாள் என் பக்கம் திரும்பி, சேச்சிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஒரே சொல்.

அந்த மாதக் கடைசியோடு ஜெபசிங்கை அனுப்பினார்கள். விதிமீறல் என்று எழுதி அனுப்பினார்கள். அதன் பிறகு மூன்று கம்பெனியில் தேர்வாகி, பழைய இடத்தில் விசாரித்ததும் மூன்றும் கைவிட்டுப் போயிற்று. என் ஓய்வு விழாவில் சசிதரன் எனக்குச் சால்வை போர்த்தினார். வாங்கிக்கொண்டேன்.

வீடியோவைப் பார்த்த வாரம் பாறசாலைக்குப் போனேன். ஜெபசிங் இப்போது மச்சினனின் டைல்ஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு வீட்டுக்குப் போகும் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் இருக்கும் ஷேடு எண்ணை வாசித்துச் சரிபார்த்த பிறகே ஏற்றவிட்டார். எல்லாம் முடிந்து எனக்கு நாற்காலி போட்டார். வீடியோவைப் பற்றி நான் ஆரம்பிக்கும் முன்பே தனக்குத் தெரியும் என்றார்.

அந்தக் கல்லூரியில்தான் அவருடைய மூத்த மகள் படிக்கிறாள். சசிதரன் பேசியபோது அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறாள். பார்டர், காண்ட்ராக்ட், பாசஞ்சர். அப்பாவுக்கு எந்த வருடம் வேலை போனது என்று அவளுக்குத் தெரியும். சுற்றி எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

"வீட்டுக்கு வந்து, அப்பா, அது நீங்களான்னு கேட்டா," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"மோட்டர் போடணும்னு எழுந்து போயிட்டேன்."

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் எழுதப் போகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"எதுக்குக்கா? தட்டுனது நேருதான, பொய்யில்லியே. கை என்னுதுதான."

"சொன்னது அவர். நான் கேட்டேன்."

"கேட்டீங்க. அந்த ரூம்ல சொல்லல்லியே."

சண்டைக் குரலில் சொல்லவில்லை. எங்கே அறுந்தது என்று கேட்பாரே, அதே குரல். பிறகு டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"எழுதுனா அதையும் சேத்து எழுதுங்க. எம்பேரையும் போடுங்க. பேரில்லாமச் சொன்னதாலதான எம்மவ என்கிட்ட வந்து கேக்க வேண்டியதாப் போச்சு."

எழுதிவிட்டேன். பரண் டெஸ்டைக் கெடுத்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தவள் நான். கேட்டதைக் கேட்டதாக அந்த அறையில் சொல்லாமல் ஒரு வருடச் சம்பளத்தையும் ஒரு சால்வையையும் காப்பாற்றிக்கொண்டவள் நான். என் பெயர் செல்வராணி.

சசிதரன் சார், பழைய ரிவ்யூ பக்கங்கள் அழிந்துபோயின என்று சொல்லிவிடாதீர்கள். ரிவ்யூவுக்குப் புது முறை வந்தபோது, அந்தப் பக்கங்கள் இருந்த பழைய மெஷினை வாசிக்க மட்டும் என்று எழுதி, மூன்றாம் மாடி சர்வர் அறையில் வைத்தோம். அதற்கான ரசீதில் கையெழுத்துப் போட்டவள் நான். துணைத் தலைவர் கேட்டால் திறந்து கொடுப்பார்கள். எனக்குப் போன் பண்ண வேண்டாம். யார் மேஜைக்கும் வந்து மெதுவாகப் பேச வேண்டாம். அதே கல்லூரிக்குப் போங்கள், அதே மேடையில் ஏறுங்கள், அந்த நாற்பது டெஸ்டின் ரிவ்யூ பக்கத்தைத் திரையில் போடுங்கள். என் மறுப்புக்கு மேல் 'தீர்ந்தது' என்று முத்திரை வைத்தது யார், மெர்ஜ் பொத்தானை அழுத்தியது யார்? கீழே ஒரு பெயர் இருக்கிறது. அதை மைக்கில் வாசியுங்கள். அந்த அரங்கில் ஒரு பெண் இருப்பாள். அவள் வீட்டில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.